கிராவல் குவாரி புதுசா எடுக்கிறீங்களா? மண்ணுக்கு முன்னாடி தண்ணிக்கு பிளான் போடுங்க

நம்ம கடலூர் மாவட்டத்துல புதுசா கிராவல் குவாரி லீஸ் எடுக்கிறவங்க கிட்ட பேசிப் பாருங்க, முதல் கேள்வி எத்தன யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) தேறும், ரெண்டாவது கேள்வி ஹிட்டாச்சி வாடகைக்கு எங்க கிடைக்கும், மழைத்தண்ணி எங்க போகும்னு ஐப்பசி பொறக்குற வரைக்கும் யாரும் வாயே தொறக்க மாட்டாங்க. அதனால நான் தலைகீழா சொல்லப் போறேன், தண்ணிய முதல்ல பாத்துட்டு அப்புறம் மண்ணுக்கு வருவோம். தண்ணி எந்த மூலைக்கு ஓடுதுன்னு தெரிஞ்சுட்டா எந்தப் பக்கம் தோண்ட ஆரம்பிக்கிறது, ராம்ப், அதாவது வண்டி ஏறி இறங்குற சரிவுப் பாதை எங்க போடுறது, எந்த மாசம் எவ்ளோ எடுக்கிறது எல்லாம் அதுலேர்ந்தே வந்துடும். சைட் சூப்பர்வைசரா புதுசா சேர்ந்த பசங்க, சொந்த பட்டா நிலத்துல லீஸ் வாங்கினவங்க, இவங்களுக்காக எழுதுறது இது.

நம்ம மண்ணு எப்படிப்பட்டது

பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம், கடலூர் கேப்பர் மலை, அந்தாண்ட வானூர், ஆரோவில் மேடு வரைக்கும் பரவிக் கெடக்கிற செம்மண்ணுக்கு ஜியாலஜிக்காரங்க வச்ச பேரு கடலூர் மணற்கல் அடுக்கு, திருவக்கரை கல்மரம் கெடக்கிறதும் இதே அடுக்குல தான். பேரு மணற்கல்னாலும் நம்ம எடுக்கிற மேல்பகுதி கல்லும் இல்ல மணலும் இல்ல, கூழாங்கல்லு, மணலு, களிமண்ணு எல்லாம் இரும்புச் சத்தோட கலந்து இறுகினது. சித்திரை வெயில்ல வெட்டினா செவுரு மாதிரி நேரா நிக்கும், அதப் பாத்து தான் எல்லாரும் ஏமாறுறாங்க. காஞ்சிருக்கும்போது மண்ணுத் துகளுக்கு நடுவுல இருக்கிற கொஞ்சூண்டு ஈரம் தான் அத இழுத்துப் புடிச்சு நிக்க வைக்குது, மழைல முழுசா நனைஞ்சா அந்தப் புடிப்பு போயிடும், பத்தடி செவுரு ஒரு நிமிஷத்துல பொத்துன்னு உக்காரும். இந்த மண்ண மழை என்ன பண்ணும்னு பாக்கணும்னா பொம்மையார்பாளையம் பக்கத்துல இருக்கிற செம்மண் பள்ளத்துக்கு ஒரு தடவ போய்ட்டு வாங்க, போட்டோ எடுக்க எல்லாரும் போறாங்க, குவாரிக்காரங்க தான் போறதில்ல.

இன்னொரு விஷயம், இந்த மண்ணுக்கு நடுவுல அங்கங்க களிமண் படலம் வரும், வெள்ளையாவோ வெளிர் மஞ்சளாவோ இருக்கும். மேலேர்ந்து இறங்குற தண்ணி அதத் தாண்டாம அது மேலயே நின்னு பக்கவாட்டுல செவுத்து வழியா கசியும். செவுத்துல ஒரே மட்டத்துல ஈரக்கோடு தெரிஞ்சா அங்க களி ஓடுதுன்னு வச்சுக்கோங்க, மழைக்காலத்துல சரியிறது பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு மேல இருக்கிற மண்ணு தான்.

பேப்பர் வேலை, சுருக்கமா

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959 தான் அடிப்படை, அதுல 41வது விதிப்படி மைனிங் பிளான், 42வது விதிப்படி சுற்றுச்சூழல் அனுமதி. 5 ஹெக்டேருக்குள்ள இருக்கிற சின்ன குவாரிக்கும் இது வேணும், 2012 பிப்ரவரி 27ல உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்குல சொன்னதுக்கு அப்புறம் சின்னது பெருசுன்னு பாகுபாடு இல்ல. மாசு கட்டுப்பாட்டு வாரியத்து கன்சென்ட் தனி. மைனிங் பிளான் தகுதி பெற்றவர் கையெழுத்து போட்டு ரெடியாகும்போது நீங்க சும்மா உக்காந்துடாதீங்க, அதுல வர்ற டிரெயினேஜ் பக்கத்த பெரும்பாலும் வேற சைட்டோடதுலேர்ந்து அப்படியே ஒட்டியிருப்பாங்க, உங்க சர்வே நம்பருக்கு பொருந்துதான்னு நீங்க தான் பாக்கணும். புதுச்சேரி எல்லைய ஒட்டி நிலம் இருந்தா முதல்ல அது எந்த மாநிலம்னே உறுதி பண்ணுங்க, பாகூர் பக்கம் ஒரு வாய்க்கால தாண்டினா மாநிலம் மாறிடும், விதியும் ஆபீசும் வேற.

லெவல் எடுக்கிறது

எஃப்எம்பி ஸ்கெட்ச் (சர்வே நம்பரோட அளவு வரைபடம்), டிஜிபிஎஸ் சர்வே (சாட்டிலைட் வச்சு அளக்கிறது) எல்லாம் எல்லைய காட்டும், மேடு பள்ளத்த காட்டாது. மேடு பள்ளம் அளக்கிற ஆட்டோ லெவல் கருவிய ஒரு நாள் வாடகைக்கு எடுத்து 20 மீட்டருக்கு ஒரு புள்ளி வச்சு நிலம் பூரா லெவல் எடுங்க, எல்லைக்கு வெளிய மேட்டுப்பக்கம் ஒரு 100 மீட்டர், பள்ளத்துப்பக்கம் ஓடை வரைக்கும் சேத்து எடுங்க. இது தான் ரொம்ப பேரு விடுறது. உங்க குழிக்கு வர்ற தண்ணில உங்க நிலத்துல பெய்யிறது ஒரு பங்கு தான், பக்கத்து முந்திரித் தோப்புலேர்ந்து ஓடி வர்றது சில சமயம் அதவிட ஜாஸ்தி.

அதோட சுத்தி இருக்கிற ரெண்டு மூணு கிணத்துல தண்ணி மட்டம் அளந்து எழுதி வைங்க, வைகாசில ஒரு தடவ, மார்கழி தை ல ஒரு தடவ. வைகாசி மட்டத்த மட்டும் பாத்து ஆழம் முடிவு பண்ணவே கூடாது, மழை முடிஞ்சு மட்டம் ஏறும்போது குழி அடிலேர்ந்து ஊத்து கெளம்பிடும், அத மோட்டார் வச்சு தீக்க முடியாது. நெய்வேலி சுரங்கத்துல ராத்திரி பகலா நிலத்தடித் தண்ணிய இறைச்சுக்கிட்டே இருக்காங்கன்னா அவங்களுக்கு பழுப்பு நிலக்கரி இருக்கு, கட்டுப்படியாகுது, கிராவலுக்கு கட்டுமா? மார்கழி மட்டத்துக்கு மேலயே நம்ம தரைய நிறுத்திடணும்.

எத்தன யூனிட் தேறும், உண்மையான கணக்கு

சரி நீங்க கேட்ட கேள்விக்கு வரேன். உதாரணத்துக்கு 100 மீட்டர் அகலம், 200 மீட்டர் நீளம், அதாவது 2 ஹெக்டேர், கிட்டத்தட்ட 5 ஏக்கர், அனுமதிச்ச ஆழம் 6 மீட்டர்னு வச்சுக்குவோம். புதுசா வர்றவங்க போடுற கணக்கு 20,000 பெருக்கல் 6, ஒரு லட்சத்து இருபதாயிரம் கன மீட்டர், யூனிட்டுக்கு 100 கன அடி அதாவது 2.83 கன மீட்டர்னா 42,400 யூனிட். இந்தக் கணக்க நம்பி பேங்க்ல லோன் போட்டவங்க உண்டு.

நாலு பக்கமும் 7.5 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட்டா மிச்சம் 85க்கு 185, மேல்பரப்பே 15,725 சதுர மீட்டர் தான். ரோடு, ஓடை, ஏரி பக்கத்துல இருந்தா அந்தப் பக்கம் இன்னும் ஜாஸ்தி விடணும், உங்க ஆர்டர்ல என்ன போட்டிருக்கோ அது. அடுத்தது சரிவு, 1961ம் வருஷத்து உலோகச் சுரங்க ஒழுங்குமுறைல 106வது பிரிவு தெளிவா சொல்லுது, கிராவல், மொரம், களிமண் மாதிரி இடத்துல பக்கச் செவுரு 45 டிகிரிக்கு மேல நிக்கக் கூடாது, இல்லன்னா படிப்படியா பெஞ்ச் போடணும், ஒரு பெஞ்ச் உயரம் 1.5 மீட்டருக்கு மேல போகக் கூடாது, அகலம் உயரத்துக்குக் கொறையக் கூடாது. அப்படி 6 மீட்டர் இறங்கினா அடித்தரை 73க்கு 173 ஆயிடும். மொத்தமா கணக்கு போட்டா சுமார் 84,900 கன மீட்டர், 30,000 யூனிட். பன்னண்டாயிரம் யூனிட் காத்துல போச்சு பாருங்க, அதுலயும் மேல்மண்ணு ஒரு அடி, களிமண் படலம், எல்லாம் கழிக்கணும். டிப்பர்ல ஏத்தும்போது மண்ணு உப்பி 20 சதவீதம் போல ஜாஸ்தி தெரியும், அத லாபம்னு நெனச்சுடாதீங்க, பர்மிட்டு எந்த அளவுல கணக்காகுதுன்னு முதல்லயே கேட்டுக்கோங்க.

சில பேரு சொல்லுவாங்க, 2025 நவம்பர் வரைக்கும் இருந்த சுரங்கச் சட்டம் 1952ல 3வது பிரிவுல கிராவலுக்கு விலக்கு இருந்துச்சே, ஆழம் 6 மீட்டர தாண்டல, ஆளு 50க்கு மேல இல்ல, வெடி வைக்கலன்னா பெரும்பாலான பிரிவு நமக்கு வராதேன்னு. அது எப்படியோ போகட்டும், செவுரு சட்டம் படிச்சுட்டு நிக்கிறதில்ல, உங்க மைனிங் பிளான்லயும் அனுமதி ஆர்டர்லயும் இந்த பெஞ்ச் கணக்கு தான் இருக்கும்.

கட்டம் கட்டமா பிரிக்கிறது

நம்ம பக்கம் நிலம் பொதுவா கெழக்கால கடல் பக்கம் சரியும், உங்க நிலமும் அப்படியேன்னு வச்சுக்குவோம். 185 மீட்டர் நீளத்த நாலா பிரிச்சா ஒரு பிளாக் 46 மீட்டர் வரும். எதுல ஆரம்பிக்கிறது? ரோட்டுக்கு பக்கத்துலயோ நல்ல மண்ணு தெரியிற இடத்துலயோ தான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க. ஆரம்பிக்க வேண்டியது பள்ளமான கெழக்கு பிளாக். அங்க முதல்ல முழு ஆழத்துக்கு இறங்கி மூலைல ஒரு சம்ப், அதாவது தண்ணி வந்து சேருற குழி தோண்டிடணும், அதுக்கப்புறம் ரெண்டாவது மூணாவது நாலாவது பிளாக் மேக்கால ஏறிக்கிட்டே போகும்போது ஒவ்வொண்ணோட தரையும் 200க்கு 1 சரிவுல (200 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம்) முதல் பிளாக்க பாத்து சாஞ்சிருக்கும், தண்ணி தானா சம்புக்கு போயிடும், நீங்க காஞ்ச தரைல லோடு ஏத்தலாம். மேட்டுலேர்ந்து ஆரம்பிச்சா இதுக்கு நேர் எதிர், ஒவ்வொரு புது பிளாக்கும் முன்னாடி எடுத்த குழியவிட பள்ளத்துல இருக்கும், வருஷா வருஷம் சம்ப இடம் மாத்தணும், மோட்டாரும் பைப்பும் கூடவே அலையும்.

பிளாக் பிரிச்சு எடுக்கிறதுல இன்னொரு லாபம் தண்ணியோட அளவு. 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் கரை ஏறினப்போ புதுச்சேரில ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. அந்த மழை நம்ம குழி பூரா தொறந்து கெடக்கும்போது பேஞ்சிருந்தா மேல்லேர்ந்து விழுந்த தண்ணி மட்டும் 72 லட்சம் லிட்டர், ஒரு பிளாக் மட்டும் தொறந்திருந்தா 18 லட்சம். சாதாரணமா ஐப்பசில வர்ற 10 சென்டிமீட்டர் மழைன்னா கூட முழுக் குழிக்கு 15.7 லட்சம், ஒரு பிளாக்குக்கு 3.9 லட்சம். 5 எச்பி மோட்டாரு மொத்தம் 10 மீட்டர் தூக்கி ஊத்தினா மணிக்கு 65ல இருந்து 70 ஆயிரம் லிட்டர் தான் இறைக்கும், ஆக ஒரு பிளாக் ஆறு மணி நேரத்துல காலி, முழுக் குழி ஒரு நாள் பூரா ஓடணும். டீசல் கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. அதனால அடுத்த பிளாக்கோட மேல்மண்ண தேவைக்கு முன்னாடி உரிக்காதீங்க, முந்திரியோ கோரையோ என்ன இருக்கோ இருந்துட்டுப் போகட்டும், வேரு இருக்கிற வரைக்கும் மண்ணு கரையாது.

ராம்ப் பத்தி ஒரே வார்த்த, லோடு வண்டி ஏறுற பாதை 16க்கு 1, கொஞ்ச தூரத்துக்கு மட்டும் 10க்கு 1. 6 மீட்டர் ஆழத்துக்கு 10க்கு 1 போட்டாலே 60 மீட்டர் நீளம் வேணும், 46 மீட்டர் பிளாக்குக்குள்ள குறுக்கால அடங்காது, நீளமான செவுத்த ஒட்டி போடுங்க. ராம்ப் வாசல்ல ஒரு முக்கால் முழம் உயரத்துக்கு அகலமான மேடு போட்டு வண்டி ஏறி இறங்குற மாதிரி விடணும், இல்லன்னா வெளித்தண்ணிக்கு அது தான் ராஜபாட்டை.

சுத்து வாய்க்கால்

கார்லண்ட் டிரெயின்னு பிளான்ல போட்டிருக்கும். வேலை ஒண்ணே ஒண்ணு தான், வெளித்தண்ணி குழிக்குள்ள வராம சுத்திக் கூட்டிக்கிட்டுப் போய் ஓடைல விடுறது. முந்திரித் தோப்புலேர்ந்து வர்ற தண்ணி ஓரளவு தெளிவாத் தான் வரும், அத குழியோட செந்தண்ணியோட சேக்காதீங்க, சேத்துட்டா ரெண்டையும் தெளிய வைக்க வேண்டி வரும்.

மேட்டுப்பக்கம் 4 ஹெக்டேர் தோப்பு இருக்கு, மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்துல மழை, அதுல பாதி ஓடி வருதுன்னு வச்சா செகண்டுக்கு சுமார் 330 லிட்டர். அடி அரை மீட்டர், ஆழம் அரை மீட்டர், ரெண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வு, மேல் அகலம் ஒண்ணரை மீட்டர்னு மண் வாய்க்கால் வெட்டி 200க்கு 1 சரிவு கொடுத்தா செகண்டுக்கு 480 லிட்டர் கிட்ட போகும், தாராளம். அதே வாய்க்கால் பாதி உயரத்துக்கு தூந்து போச்சுன்னா 240 தான் போகும், மீதி 90 லிட்டர் கரைய ஒடைச்சுக்கிட்டு குழிக்குள்ள தான் வரும். ஆவணில தூர் வாருங்கன்னு சொல்றது இதுக்குத் தான். சரிவு ஜாஸ்தியா இருக்கிற எடத்துல கருங்கல்ல குறுக்கால அடுக்கி படி படியா இறக்குங்க, இல்லன்னா வாய்க்காலே ஒரு பெரிய பள்ளமா அரிச்சிடும்.

வாய்க்கால் எங்க ஓடணும்ங்கிறதுல தப்பு பண்றவங்க ஜாஸ்தி, குழி ஓரத்த ஒட்டியே வெட்டிடுவாங்க. அதுல நிக்கிற தண்ணி அப்படியே இறங்கி செவுத்த ஊற வச்சிடும். 7.5 மீட்டர்ல எல்லைலேர்ந்து ஒண்ணரை மீட்டர் வேலிக்கும் செடிக்கும், அடுத்த ஒண்ணரை மீட்டர் வாய்க்கால், வெட்டின மண்ண குழிப்பக்கமா ஒரு மீட்டர் அகலத்துக்கு கரையா போட்டுடுங்க, அதுக்கப்புறமும் குழி விளிம்பு வரைக்கும் மூணரை மீட்டர் சும்மா கெடக்கும், அதுல எதையும் கொட்டாதீங்க. விளிம்புலேர்ந்து 3 மீட்டருக்குள்ள மரம், உருட்டுக் கல்லு, குவிச்ச மண்ணு எதுவும் இருக்கக் கூடாதுன்னு அதே 106ல இருக்கு.

கடைசில தண்ணிய விடுற எடம். அடுத்தவங்க கொல்லைல திருப்பி விட்டு அப்புறம் பஞ்சாயத்துக்கு அலையாதீங்க, ஓடை வரைக்கும் கொண்டு போய் சேருங்க, அரசு வாய்க்கால்னா நீர்வளத்துறை கிட்ட எழுதி வாங்கிடுங்க.

சம்பும் தெளியிற குட்டையும்

குழிக்குள்ள விழுற தண்ணி செக்கச்செவேல்னு இருக்கும், அத நேரா ஓடைல விட்டா கீழ இருக்கிற ஏரில தான் போய் படியும். வண்டல் துகள்னா ஒரு மீட்டர் ஆழம் இறங்க முக்கால் மணி நேரம் போதும், களித் துகள் அதே ஒரு மீட்டர் இறங்க மூணு நாள் ஆகும். ஆக மோட்டார் தண்ணிய விட ஒரு குட்டை போட்டா வண்டல் நிக்கும், சிவப்பு கலர் போகாது. ரெண்டும் பண்ணுங்க, சம்புல தண்ணிய ரெண்டு மூணு நாள் நிக்க விட்டுட்டு, ஃபுட் வால்வ (மோட்டார் தண்ணி உறிஞ்சுற பைப்போட அடிமுனை வால்வு) காலி பிளாஸ்டிக் டிரம்ல கட்டி மிதக்க விட்டு மேல் தண்ணிய மட்டும் எடுங்க, எடுத்தத 7க்கு 15 மீட்டர், ஒண்ணரை மீட்டர் ஆழக் குட்டைல விட்டு அதுலேர்ந்து வழிஞ்சு போற மாதிரி வைங்க. அந்த 5 எச்பி மோட்டாருக்கு வண்டல் நிக்க வேண்டிய சைஸவிட இது ரெண்டு மடங்கு, தாராளமா போதும். குட்டைய நடுவுல ரெண்டு தடுப்பு போட்டு மூணா பிரிச்சா முதல் அறைல தான் சேறு சேரும், வார சுலபம்.

மெதுவா இறைக்கிறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. குழில தண்ணி நிக்கும்போது அது செவுத்த கொஞ்சம் தாங்கிப் புடிச்சிருக்கும், செவுத்துக்குள்ள ஊறின தண்ணி வடியிறதுக்குள்ள நீங்க பெரிய மோட்டார் போட்டு சடார்னு காலி பண்ணிட்டா தாங்க ஆளில்லாம மொத்தமா சரியும். மழை நின்னு வெயிலடிச்ச ரெண்டாம் நாள் சரியுதேன்னு ஆச்சரியப்படுறவங்க இத யோசிச்சுப் பாக்கிறதில்ல.

வருஷக் கணக்கு

ஐப்பசி அடைமழை கார்த்திகை கனமழைன்னு பெரியவங்க சொன்னதுல மாத்தமே இல்ல, நம்ம மழைல பெரும்பங்கு அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள தான். தை பொறந்ததுலேர்ந்து ஆடி வரைக்கும் முழு மூச்சா எடுங்க, ஆழத்துக்கு இறங்குற வேலைய பங்குனி சித்திரைலயே முடிச்சுடணும். ஆடி ஆவணில சாயங்காலம் இடி மழை வரும், அது நல்லதுக்குத் தான், தரை எங்க தேங்குது, வாய்க்கால்ல தண்ணி எங்க போகாம திரும்புதுன்னு காட்டிக் கொடுத்துடும். புரட்டாசி முடியிறதுக்குள்ள எல்லா செவுத்தையும் கடைசி சரிவுக்கு கொண்டாந்துடுங்க, பாதி வெட்டின நேர் செவுரு ஒண்ணு கூட மழைக்கு நிக்கக் கூடாது. மழை மாசத்துல ஆர்டர் இருந்தா மேட்டுல ஏற்கனவே குவிச்சு வச்ச ஸ்டாக்குலேர்ந்து அனுப்புங்க, அதுக்கும் ஸ்டாக் அனுமதி, வண்டிக்கு வேண்டிய நடைச்சீட்டு எல்லாம் கேட்டுக்கோங்க.

மழை நேரத்துல சாயங்காலம் வண்டிய குழிக்குள்ள நிறுத்தக் கூடாது, டீசல் பேரல், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் மேல. டிரைவர் சோம்பேறித்தனம் பட்டு "காலைல வந்து எடுத்துக்கலாம்ணா"ன்னு சொல்லுவாரு, விடாதீங்க.

விடிஞ்சதும் முதல்ல யாரும் கீழ இறங்க வேணாம், விளிம்ப சுத்தி நடந்து பாருங்க. ஆபரேட்டர் ஒருத்தரு ஒரு காலைல கூப்ட்டு காட்டினாரு, "அண்ணா, இங்க கோடு வுட்டுருக்கு பாருங்க"ன்னு. விளிம்புலேர்ந்து நாலடி உள்ள, விளிம்புக்கு இணையா, புல்லுக்கு நடுவுல ஒரு விரல் அகலத்துக்கு வெடிப்பு, நீளம் ஒரு டிப்பர் அளவு, குச்சி விட்டா முழங்கை வரைக்கும் போகுது. வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒரு இரும்புக் கம்பி அடிச்சு டேப்புல அளந்து தேதியோட எழுதினோம். மத்தியானத்துக்குள்ள ரெண்டு சென்டிமீட்டர் நகந்துச்சு, சாயங்காலம் அந்தத் துண்டு மொத்தமா கீழ. அன்னைக்கு கீழ ஒரு ஆளும் இல்ல, ஒரு வண்டியும் இல்ல. இந்த மாதிரி கோடு தெரிஞ்சா அந்தச் செவுத்தடில ரிப்பன் கட்டி ஆளுங்கள தள்ளி வைங்க, மேலேர்ந்து ஹிட்டாச்சி வச்சு தட்டி இறக்கலாம்னு யோசிச்சீங்கன்னா வண்டி வெடிப்புக்கு இந்தாண்ட, குழிய விட்டு தள்ளி இருக்கிற பக்கம் தான் நிக்கணும், பக்கெட்டு எட்டலன்னா விட்டுடுங்க, தானா விழட்டும். அடிய நோண்டி மேல்மண்ண விழ வைக்கிற பழக்கம் நம்ம ஊர்ல இன்னும் இருக்கு, அது சட்டப்படியும் தப்பு, ஆள் போறதும் அதுல தான்.

தை மாசம் சேறு வாருறதோட அந்த வருஷம் முடியும். குட்டைல எவ்ளோ சேறு சேந்திருக்குன்னு ஒரு கம்பு விட்டு அளந்து எழுதி வைங்க, அடுத்த வருஷம் குட்டைய பெருசு பண்ணணுமா வேணாமான்னு அது சொல்லும். வாரின சேற முடிஞ்ச பிளாக்கோட சரிவுல பரப்பி அதுக்கு மேல, உரிச்சு ஓரமா ரெண்டு மீட்டர் உயரத்துக்குள்ள குவிச்சு வச்ச மேல்மண்ண போட்டு, கொழுஞ்சியோ வெட்டிவேரோ நட்டுடுங்க, கடைசி பிளாக் முடியட்டும்னு காத்திருக்க வேணாம், பிளாக் முடிய முடிய பண்ணிக்கிட்டே வரணும். வேலி மட்டும் முதல் நாளே போடணும், தண்ணி நிக்கிற குழினா ஸ்கூல் லீவுல பசங்க குளிக்க வந்துடுவாங்க, ராம்ப் வாசல்ல கேட்டு போட்டு பூட்டு சாவி வாட்ச்மேன் கிட்ட இருக்கட்டும்.